பிரெஞ்சு வழியாக மாயன் வினைச்சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சு படித்தவர்களில் இந்த விதியிடம் அடி வாங்காதவர்கள் குறைவு. 'பஸே கொம்போஸே' என்ற இறந்தகாலத்தில் 'அவுவார்' (உடைத்தாயிரு) துணைவினை வந்தால், பின்னால் வரும் பார்த்திசிப், அதாவது முதன்மை வினையின் எச்ச உருவம், எழுவாயைக் கண்டுகொள்ளாது. செயப்படுபொருள் அதற்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதன் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் க்ளெமான் மாரோ இத்தாலிய வழக்கைப் பார்த்து இதைப் பிரபலப்படுத்தினார். 2018இல் பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில், இந்த விதியைக் கைவிடலாம் என்ற முன்மொழிவே எழுந்தது. பிரெஞ்சுக்காரர்களே சலித்துக்கொள்ளும் இந்த மூலைதான் மாயன் இலக்கணத்துக்குள் நுழைய மிக வசதியான வாசல் என்பது என் கட்சி.

இந்த வழிகாட்டி, பஸே கொம்போஸே வரை பிரெஞ்சு தெரிந்து, மாயன் மொழி ஒன்றுகூடத் தெரியாதவர்களுக்கானது. மாயன் என்றதும் இடிந்த பிரமிடும் 2012 பஞ்சாங்கமும் மட்டும் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். குவாத்தமாலா, தெற்கு மெக்சிகோ, பெலீஸ் பகுதிகளில் சுமார் 30 மாயன் மொழிகளை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் பேசுகிறார்கள். குவாத்தமாலா மேட்டுநிலத்தில் பேசப்படும் கிச்சே மொழிக்கு மட்டும் சுமார் 10 லட்சம் பேர். நாம் பெரும்பாலும் அதைத்தான் பிரிக்கப்போகிறோம். நடுவில் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்து சோல் மொழியும், கிச்சேயின் நெருங்கிய உறவான காக்சிக்கேலும் வரும்.

பிரெஞ்சுக்கும் கிச்சேக்கும் பழைய தொடர்பும் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியார் ப்ராஸர் த பூர்பூர் குவாத்தமாலாவின் ரபினால் ஊரில் பங்குப் பணி செய்தவர். 1862இல் கிச்சே மொழிக்கு ஓர் இலக்கணத்தைப் பாரிஸில் அச்சிட்டார். பின்னாளில் அட்லாண்டிஸ் கண்டத்தைத் தேடிக் கற்பனையில் தொலைந்துபோனார் என்றாலும், அவர் காப்பாற்றிய ஏடுகளுக்காக அவரை மன்னிக்கலாம். நூறாண்டு கழித்து வந்த பிரெஞ்சு மொழியியலர் கொலெத் க்ரின்வால்ட் வேறு ரகம். ஹகல்தெக் என்ற மாயன் மொழியின் வாக்கிய அமைப்பு பற்றி 1977இல் அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்தாளுகிறார்கள்.

படி 1: எழுத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்

குவாத்தமாலா அரசு 1987இல் மாயன் மொழிகளுக்கு ஒருங்கிணைந்த ரோமன் எழுத்துமுறையை ஏற்றது. மெய்யெழுத்துக்குப் பின்னால் மேற்கோள் குறி போல ஒரு சிறு கோடு வந்தால், தொண்டையைக் கணநேரம் அடைத்து அந்த ஒலியை வெடிக்கவிட வேண்டும். உயிருக்குப் பின்னால் வந்தால் வெறும் தொண்டை அடைப்பு. தமிழில் எழுதும்போதும் அந்தக் கோட்டை அப்படியே வைத்துக்கொள்வோம். இங்கே வரும் 'ச', பச்சையில் வரும் 'ச்ச'வின் ஒலி.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஷ், இன், அவ், இல், ஓ என்ற ஐந்து துண்டுகளைச் சேர்த்தால் 'ஷினவிலோ' ஆகிவிடும். மெய்யும் உயிரும் ஒட்டி, இணைப்பு எங்கே என்பதே மறைந்துவிடும். அதனால் நோட்டில் எப்போதும் துண்டு துண்டாக, நடுவில் கோடு போட்டே எழுதுங்கள்.

படி 2: நான்கு சொற்களை நீங்களே பிரியுங்கள்

விளக்கத்தைப் படிக்கும் முன் இந்த நான்கு கிச்சே வாக்கியங்களையும் ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே சொல்.

ஷ்-இன்-வர்-இக்: நான் தூங்கினேன்
ஷ்-அத்-வர்-இக்: நீ தூங்கினாய்
ஷ்-இன்-அவ்-இல்-ஓ: நீ என்னைப் பார்த்தாய்
ஷ்-அத்-வ்-இல்-ஓ: நான் உன்னைப் பார்த்தேன்

'வர்' தூங்கு, 'இல்' பார். முன்னால் நிற்கும் 'ஷ்' செயல் முடிந்துவிட்டது என்கிறது. கடைசியில் வரும் இக், ஓ இரண்டும் வினையின் வகையைக் காட்டுபவை. செயப்படுபொருள் குன்றிய வினைக்கு 'இக்', குன்றா வினையில் இந்த வகைக்கு 'ஓ'. பின்னால் வேறு சொல் தொடர்ந்தால் இரண்டும் உதிர்ந்துவிடும். ஆகவே புத்தகத்தில் ஒரே வினை வாலோடும் வாலில்லாமலும் வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

இனி நடுவில் இருப்பதைப் பாருங்கள். தூங்கிய 'நான்' எப்படி வருகிறது? இன். பார்க்கப்பட்ட 'என்னை' எப்படி வருகிறது? அதுவும் இன். பார்த்த 'நான்' மட்டும் தனியாக, வ். தமிழில் தூங்கினேன், பார்த்தேன் இரண்டுக்கும் ஒரே 'ஏன்' விகுதி. தூங்கியவரும் பார்த்தவரும் நமக்கு ஒரே கட்சி. கிச்சேயிலோ தூங்கியவரும் பார்க்கப்பட்டவரும் ஒரு கட்சி, பார்த்தவர் எதிர்க்கட்சி. மொழியியலில் இதற்கு எர்கேட்டிவ் அமைப்பு என்று பெயர்.

பார்த்தவருக்கான வ் (நான்), அவ் (நீ), ர் (அவன், அவள், அது) எல்லாம் 'அ வரிசை'. தூங்கியவருக்கும் பார்க்கப்பட்டவருக்குமான இன், அத் எல்லாம் 'ஆ வரிசை'. மாயன் ஆய்வாளர்கள் எல்லா மாயன் மொழிகளுக்கும் இப்படி இரண்டு வரிசையாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்.

இங்கே இரண்டு பொறிகள். ஷ்-இன்-வர்-இக் என்பதில் வரும் 'வ்' வேரின் பகுதி. ஷ்-அத்-வ்-இல்-ஓ என்பதில் வரும் 'வ்' நான் என்ற குறி. வேரை முதலில் கண்டுபிடித்துவிட்டு முன்னொட்டுக்குப் போனால் குழப்பம் வராது. இரண்டாவது, ஆ வரிசையில் படர்க்கை ஒருமைக்கு ஒலியே கிடையாது. ஷ்-வ்-இல்-ஓ என்றால் 'நான் பார்த்தேன்' அல்ல, 'நான் அவனை, அவளை அல்லது அதைப் பார்த்தேன்'. இல்லாததையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். ஆண்பால் பெண்பால் பேதம் இந்தக் குறிகளில் இல்லை.

படி 3: அதே கத்தியால் பேச்சுப் பிரெஞ்சை வெட்டுங்கள்

'ஜெ த வுவா', நான் உன்னைப் பார்க்கிறேன். எழுத்தில் மூன்று சொல். வாயில் அது ஒரே மூச்சு. ஜெ, த இரண்டையும் தனியே உச்சரித்து நிறுத்த முடியாது. அழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால் 'முவா' என்று வேறு சொல்லைத் தேட வேண்டும். ஜெ-த-வுவா என்று கோடு போட்டு எழுதிப் பார்த்தால் ஷ்-அத்-வ்-இல்-ஓ பக்கத்தில் வைக்கும்படி இருக்கும். கிச்சே 'உன்னை'யை முன்னும் 'நான்' குறியைப் பின்னும் வைக்கிறது, பிரெஞ்சில் தலைகீழ்.

பேச்சில் இது இன்னும் முற்றும். 'மா மேர் எல் ல வுவா' என்று சாதாரணமாகச் சொல்வார்கள்: அம்மா, அவள்-அவனை-பார்க்கிறாள். அம்மா இருக்கும்போதே 'எல்' ஏன்? அது இனி பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல் அல்ல, வினையின் முன்னொட்டாக மாறிவருகிறது என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. 1981இல் மொழியியலர் க்னூட் லாம்ப்ரெக்ட் இப்படிப் பேசினார். 2010இல் ஜெனிஃபர் கல்பர்ட்சன் பேச்சுப் பதிவுகளையும் சோதனைகளையும் கொண்டு எழுவாய்க் குறிகளுக்கு இதையே நிறுவ முயன்றார்.

சொற்களின் வரிசையும் கவனிக்கத்தக்கது. மாயன் மொழிகளில் வினை முன்னால் வருவது பரவலான வழக்கம். பேச்சுப் பிரெஞ்சில் 'இல் லா வு, பியேர், மரி' (அவன்-அவளை-பார்த்தான், பியேர், மரியை) போன்ற வாக்கியங்களில் வினைக்கட்டு முதலில் வந்து, யார் யாரை என்பது பிறகு வாலாகத் தொங்குவதைக் கேட்கலாம்.

ஒரு சோதனையைச் செய்துவிட்டு நகருங்கள். 'ஜெ வுவா மரி' என்று சொல்லும்போது செயப்படுபொருள் குறி காணாமல் போகிறது. கிச்சேயில் பெயர் வந்தாலும் வராவிட்டாலும் குறிகள் வினையை விட்டு இறங்காது. ஆக எழுவாய்க் குறியில் பிரெஞ்சு பாதி வழி வந்திருக்கிறது, செயப்படுபொருளில் இன்னும் வரவில்லை.

படி 4: வீட்டில் என்ன சேமித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, அவசரப்பட வேண்டாம். கிச்சேயில் சோளத்துக்கு இஷிம்.

வ்-இஷிம்: என் சோளம்
அவ்-இஷிம்: உன் சோளம்
ர்-இஷிம்: அவனுடைய, அவளுடைய சோளம்

வ், அவ், ர். பார்த்தவருக்கு வந்த அதே அ வரிசை. மெய்யில் தொடங்கும் சொற்களுக்கு அவ் தேய்ந்து அ ஆகும்: அ-ட்ஸ்'இ' என்றால் உன் நாய், ஷ்-இன்-அ-தோ'-ஓ என்றால் நீ எனக்கு உதவினாய். பொருளை உடைமையாக வைத்திருப்பவரும் செயலைச் செய்பவரும் ஒரே உருபில் வருகிறார்கள். மாயன் குடும்பம் முழுக்க இந்த ஒற்றுமை ஓடுகிறது.

இப்போது பிரெஞ்சுக்குத் திரும்புங்கள். நான் கடிதத்தை எழுதினேன்: 'ஜே எக்ரி லா லெத்ர்'. அந்த 'ஜே' என்ன? 'என்னிடம் உண்டு' என்பதற்கும் அதே 'ஜே'தான். லத்தீன் காலத்தில் இது 'கடிதத்தை எழுதி முடித்த நிலையில் வைத்திருக்கிறேன்' என்ற அமைப்பாக இருந்து, மெல்ல இறந்தகாலமாக இறுகியது. பிரெஞ்சு மொழியியலர் எமில் பென்வெனிஸ்த் 1952இலும் 1960இலும் எழுதிய கட்டுரைகளில் 'செய்தவர்' எப்படி 'உடையவர்' உருவில் வருகிறார் என்று பல மொழிகளை வைத்துக் காட்டினார். பிரெஞ்சு மாணவர் மாயன் அ வரிசையைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. அவர் தினமும் 'அவுவார்' என்று சொல்லும்போது அந்த வேலையைத்தான் செய்கிறார்.

அடுத்து பார்த்திசிப். காதால் கேட்கக்கூடிய உதாரணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தில் மட்டும் தெரிகிற ஊமை எழுத்துகள் நம்மை ஏமாற்றும்.

இல் எ மொர்: அவன் இறந்தான்
எல் எ மொர்த்: அவள் இறந்தாள்
எல் அ எக்ரி லா லெத்ர்: அவள் கடிதம் எழுதினாள்
லா லெத்ர் க ஜே எக்ரித்: நான் எழுதிய கடிதம்

இறந்தவள் பெண் என்றால் பார்த்திசிப்பில் 'த்' ஒலிக்கிறது. எழுதியவள் பெண்ணாக இருந்தும் அது அசையவில்லை. ஆனால் எழுதப்பட்ட கடிதம், பெண்பால் சொல், முன்னால் வந்தவுடன் 'த்' வந்துவிடுகிறது. இறந்தவரும் எழுதப்பட்டதும் ஒரு கட்சி, எழுதியவர் எதிர்க்கட்சி. படி 2இல் பார்த்த கட்சிப் பிரிவினையேதான். அவுவார் அ வரிசையின் இடத்தில் நிற்கிறது. பார்த்திசிப் வால் ஆ வரிசையின் இடத்தில் நிற்கிறது.

பிரெஞ்சு எர்கேட்டிவ் மொழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரதிப்பெயர்களும் வினை விகுதிகளும் வேறு திசையில்தான் ஓடுகின்றன. இந்த ஒரு காலத்தில், இந்த ஒரு வாலில் மட்டும் எர்கேட்டிவ் சாயல் தெரிகிறது.

படி 5: ஒப்புமை உடையும் இடத்தைத் தேடுங்கள்

'ஜே தொர்மி', நான் தூங்கினேன். தூங்குவதற்குச் செயப்படுபொருள் இல்லை. அப்படியானால் 'இல் எ மொர்' போல 'எத்ர்' (இரு) துணைவினை வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. ஆட, பாட, தூங்க எல்லாம் அவுவார். வர, போக, பிறக்க, இறக்க எல்லாம் எத்ர். பள்ளியில் இதை மனப்பாடப் பட்டியலாகக் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் செயப்படுபொருள் குன்றிய வினைகளே இரண்டு சாதி: நாமே செய்வது, நமக்கு நேர்வது. எல்லைக்கோடு மொழிக்கு மொழி கொஞ்சம் நகரும்.

கிச்சே இந்தப் பேதத்தை நம் உதாரணங்களில் காட்டாது. அதற்கு சோல் மொழிக்குப் போக வேண்டும். சியாபாஸில் சுமார் 2.5 லட்சம் பேர் பேசும் மொழி. ஆ வரிசையை வினைக்கு முன்னால் அல்ல, பின்னால் ஒட்டுவார்கள்.

ட்யி மஹ்ல்-இ-யோஞ்: நான் போனேன்
ட்யி இ-க்'எல்-எ-யோஞ்: அவன் என்னைப் பார்த்தான்
ட்யி க்-சா'ல்-எ க்'அய்: நான் பாடினேன்

'ட்யி', கிச்சேயின் 'ஷ்' போல, செயல் முடிந்துவிட்டது என்கிறது. முதல் இரண்டில் 'யோஞ்' (நான், என்னை) வருகிறது, எதிர்பார்த்தபடி. மூன்றாவதைப் பாருங்கள். பாடு என்ற வினையே இல்லை. 'க்'அய்' பாட்டு, 'சா'ல்' செய், 'க்' நான், அதுவும் அ வரிசை. 'நான் பாட்டுச் செய்தேன்' என்று குன்றா வினையாக மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். போவது 'யோஞ்' எடுக்கிறது, பாடுவது 'க்' எடுக்கிறது. பிரெஞ்சில் போவது எத்ர் எடுக்கிறது, பாடுவது அவுவார் எடுக்கிறது. அட்லாண்டிக்கின் இரு கரைகளில், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்குப் பக்கத்தில் கோடு கிழித்திருக்கின்றன. இலக்கணத்தில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

சோல் மொழியை இந்தக் கோணத்தில் துருவியவர்களில் முக்கியமானவர் ஜெசிகா கூன். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர். தெருவெல்லாம் பிரெஞ்சு ஒலிக்கும் ஊரில் மாயன் வாக்கியங்களை ஆராய்கிறார் என்பது இனிய தற்செயல்.

படி 6: 'கொண்டிருக்கிறேன்' வரும்போது கவனம்

பல மாயன் மொழிகள் முடிந்த செயலில் எர்கேட்டிவாகவும், நடந்துகொண்டிருக்கும் செயலில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். சோலில் 'நான் போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு:

சொஞ்கோல் க்-மஹ்லெல்

போவதற்கு 'யோஞ்' அல்லவா வர வேண்டும்? இங்கே 'க்' வந்துவிட்டது. செய்பவர் குறி எப்படி நுழைந்தது? கூனின் விடை எளிமையானது. 'மஹ்லெல்' இங்கே வினையே அல்ல, பெயர்: போதல். 'க்' அதன் உடைமைக் குறி. மொத்தமும் 'என் போதல் நடந்துகொண்டிருக்கிறது'. அ வரிசைக்குத்தான் உடைமை வேலையும் உண்டு என்று படி 4இல் பார்த்தோமே. அமைப்பு உடைந்ததுபோலத் தெரிந்தாலும் உண்மையில் உடையவில்லை. வாக்கியத்தின் தலைமை வினை 'சொஞ்கோல்' ஆகிவிட்டது. 2010இல் வந்த அவருடைய ஆய்வும் 2013இல் வந்த நூலும் இதைத்தான் விரிவாக வாதிடுகின்றன.

பிரெஞ்சில் இதற்கு நேரான உதாரணம் கைவசம் இருக்கிறது. 'ஜெ சுயி ஆன் த்ரேன் த பர்தீர்', நான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். உண்மையான வினை 'சுயி', இருக்கிறேன். கிளம்புவது முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் பெயர்போல உட்கார்ந்திருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் செயலை உலகின் பல மொழிகள் இப்படி 'ஒன்றுக்குள் இருத்தல்' என்ற உருவில் சொல்கின்றன. எர்கேட்டிவ் பிளவு முடிந்த செயலில் அல்லாமல் நடக்கும் செயலில் மாறுவதற்கு இதுவே காரணம் என்பது வாதத்தின் முனை.

படி 7: 'யார்?' என்று கேட்டுப் பாருங்கள்

செய்தவரை முன்னால் இழுத்து அழுத்தினால் பல மாயன் மொழிகளில் குன்றா வினை தன் வழக்கமான உருவத்தை இழந்துவிடும். காக்சிக்கேல் மொழியிலிருந்து இந்த ஜோடி, ஓமெர் பிரெமிங்கரின் 2014 நூலால் ஆய்வாளர்களிடம் புகழ்பெற்றது:

ஹா ரத் ஷ்-அத்-அஷ்-அன் ரி அச்சின்: அந்த ஆள் பேசியதைக் கேட்டது நீதான்
ஹா ரி அச்சின் ஷ்-அத்-அஷ்-அன் ரத்: நீ பேசியதைக் கேட்டது அந்த ஆள்தான்

இரண்டிலும் வினை ஒன்றே. அ வரிசைக் குறி போய்விட்டது. ஒரே ஒரு இடம் மிச்சம், அதில் 'அத்', நீ. கேட்டவன் நீயோ, கேட்கப்பட்டவன் நீயோ, முன்னிலை இருந்தால் படர்க்கையைத் தள்ளிவிட்டு அதுவே வினையில் ஏறிக்கொள்ளும். யார் யாரை என்பதைச் சொல்வரிசையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு இங்கே கூட்டாளி இல்லை, தூரத்துச் சொந்தம். 'லொம் கி மா வு', என்னைப் பார்த்த ஆள். 'லொம் க ஜே வு', நான் பார்த்த ஆள். எழுவாயை வெளியே இழுத்தால் 'க' என்பது 'கி' ஆக மாறுகிறது. 'லொம் க ஜெ க்ருவா கி எ வெனு' (வந்தான் என்று நான் நினைக்கும் ஆள்) போன்ற நீண்ட தொடரில் நடுவில் வரும் 'கி'யைக் கவனித்தால் இது தெளிவாகும். ரிச்சர்ட் கேய்ன் உள்ளிட்ட மொழியியலர்கள் 1970களிலேயே இதைக் கிண்டினார்கள். செய்பவரை இடம் பெயர்க்கும்போது இரண்டு மொழிகளும் எங்கோ ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் இழுத்தால் ஒப்புமை அறுந்துவிடும்.

படி 8: சொந்தத் தரவுக்குப் போங்கள்

இதுவரை என் உதாரணங்கள். இனி நீங்களே தேட வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் அமெரிக்கப் பழங்குடி மொழிகள் ஆவணக் காப்பகத்தில் மாயன் மொழிகளின் ஒலிப்பதிவுகளும் எழுத்துப்படிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அதே பல்கலைக்கழகம் கிச்சேயைத் தொடக்கத்திலிருந்து கற்றுத்தரும் பாடங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. முதல் வேலையாக ஒரு பாடத்தின் உரையாடலை எடுத்து, ஒவ்வொரு வினையையும் படி 2 மாதிரி வெட்டுங்கள். வேர், வால், ஆ வரிசை, அ வரிசை, இந்த வரிசையில்.

ஸ்பானிஷ் இல்லாமல் நெடுந்தூரம் போக முடியாது. மாயன் மொழிகளைப் பற்றி மாயன்களே எழுதிய இலக்கணங்கள் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான் இருக்கின்றன. குவாத்தமாலாவின் மாயன் மொழிகள் அகாடமிக்கு 1990இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு, நோரா இங்கிலாந்து என்ற அமெரிக்க மொழியியலரிடம் பயின்ற மாயன் இளைஞர்கள் ஓஷ்லஹூஹ் கேஹ் என்ற ஆய்வுக்குழுவைத் தொடங்கி, தங்கள் மொழிகளுக்குத் தாங்களே இலக்கணம் எழுதினார்கள். வெளியாள் வந்து பதிவு செய்துகொண்டு போய்ப் பட்டம் வாங்குவதோடு கதை முடியக்கூடாது என்ற மாயன் அறிஞர்களின் கோபம் அந்த ஆண்டுகளில் வெளிப்படையாகவே ஒலித்தது. நியாயமான கோபம். கிச்சேக்கு தெல்மா கான் பிஷபாஹ், கான்ஹோபால் மொழிக்கு பெத்ரோ மதேயோ பெத்ரோ ஆகியோரின் ஆய்வுகளை முதலில் படியுங்கள். வெளியாட்களின் கோட்பாட்டுச் சண்டைகள் காத்திருக்கும்.

வாக்கியம் சேகரிக்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரையும் குறித்துவையுங்கள். கிச்சேயிலேயே ஊருக்கு ஊர் உயிரும் குறிகளும் மாறும். தன்மைப் பன்மைக்கு ஓர் ஊரில் 'உஹ்', இன்னோர் ஊரில் 'ஓஹ்'. ஊரைக் குறிக்காமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால், இல்லாத ஒரு விதியைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.